செட்டியார் வயிற்றில் விழுந்த சுருக்கம்

ஆவணி பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், நீங்க பெயிண்ட் ஷாப்பில் இருந்தவர்தானே? கொலு பொம்மையெல்லாம் மங்கிப் போச்சு. ஸ்பிரே டின் வாங்கி ஒரு கோட்டிங் அடிச்சிடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பொம்மை அம்மாவுடையதாகவோ மாமியாருடையதாகவோ இருக்கும். பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் கிருஷ்ணனுக்கு மூக்கில் வெள்ளை தெரியும், லட்சுமிக்குப் புடவைக் கரை உதிர்ந்திருக்கும். மனசு கேட்காது.

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வராது. அடிக்கலாம் என்றாலும் தப்பு, அடிக்கக் கூடாது என்றாலும் தப்பு. போனில் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் விளக்கித் தொண்டை கட்டுவதை விட இந்த வருஷம் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்பில் 38 வருஷம் வேலை பார்த்து 2008-ல் ஓய்வு பெற்றேன். அதில் முக்கால்வாசிக் காலம் பெயிண்ட் ஷாப்பில்தான். இரும்பைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பிரைமர் அடித்து, புட்டி வைத்து, மறுபடி தேய்த்து, சர்ஃபேசர் அடித்து, அப்புறம் கலர். ரயில் பெட்டி மெரூனாக இருந்த காலத்திலும் அடித்திருக்கிறோம், நீலமாக மாறியபோதும் அடித்தோம். மேல் கலர் எதுவாக இருந்தாலும் பெட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்பதை முடிவு செய்வது அடிப்பூச்சுதான். புதிதாக வரும் பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். அடிக்கடி சொன்னதால் அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பிரைமர்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது.

இவ்வளவு தெரிந்தவன்தான் 2019-ல் என் அம்மாவின் பொம்மைகளைக் கெடுத்தேன்.

அம்மாவிடம் நாற்பதுக்கு மேல் பொம்மைகள் இருந்தன. வருஷத்துக்கு ஒன்றாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது கொலு வைக்கிற வீடுகளில் வழக்கம். அப்பா சம்பளத்தில் ஒன்றுக்கு மேல் முடியாது. அந்த ஒன்றும் சில வருஷம் உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருக்கும். பண்ருட்டி மண் பொம்மைதான் அதிகம். தசாவதாரம் மட்டும் ஒரு செட்டாக வாங்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்தது. அதனால் மச்சத்துக்கும் கல்கிக்கும் உயரத்தில் சம்பந்தமே இருக்காது. அப்புறம் செட்டியார். எல்லார் வீட்டிலும் இருப்பாரே, சட்டை இல்லாமல், தொப்பையைத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் ஆச்சியுடன் மளிகைக் கடை வைத்திருப்பவர், அவரேதான். அவருக்கு முன்னால் சின்னச் சின்னக் கிண்ணத்தில் உண்மையான துவரம்பருப்பு, மிளகு, கல்உப்பு வைப்பது என்னுடைய வேலை. எனக்கு ஆறு வயதிலிருந்து அந்த உத்தியோகம்.

அம்மா 2006-ல் போன பிறகு பொம்மைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அக்காவுக்கு மூன்றாவது மாடியில் சின்ன வீடு, வைக்க இடமில்லை. "நீயே வெச்சுக்கோடா, நவராத்திரிக்கு வந்து பாக்கறேன்" என்று கொடுத்துவிட்டாள். என் மனைவியும் பதிமூன்று வருஷம் ஒழுங்காக வைத்தாள். 2019-ல் பரணிலிருந்து இறக்கும்போது, "ஏங்க, எல்லாம் அழுக்கா இருக்கு, ஏதாவது பண்ணக் கூடாதா?" என்று கேட்டாள். துடைத்துக் கொடுங்கள் என்று அர்த்தம். எனக்குப் பெயிண்ட் அடி என்று காதில் விழுந்தது.

கடைக்குப் போய் வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று, தங்கம் ஒன்று என்று நாலு ஸ்பிரே டின் வாங்கினேன். வீட்டுக்குள் அடிக்கக் கூடாது, விளக்கு எரிகிற இடம் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லி மொட்டை மாடிக்குத் துரத்தினாள். அந்த ஒரு விஷயத்திலாவது அன்றைக்கு யாரோ ஒருவருக்குப் புத்தி இருந்தது. டின்னுக்குள் பெயிண்டைத் தள்ளுவது எரிவாயு. கரைப்பானும் எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. கதவைச் சாத்திக்கொண்டு குத்துவிளக்கு பக்கத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் செட்டியார். ஒரு கை வெள்ளை அடித்தேன். பளிச்சென்று வந்தது. அடுத்தவரை எடுக்கத் திரும்பி, மறுபடி பார்த்தால் செட்டியாரின் தொப்பை காய்ந்த நார்த்தங்காய்த் தோல் மாதிரி சுருங்கிக்கொண்டிருக்கிறது. கண் முன்னாலேயே. எண்பதுகளில் அம்மா ஒரு தடவை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த ஆளை வைத்துச் செட்டியாருக்கு எனாமல் பெயிண்ட் பூச வைத்திருந்தாள். அந்தப் பழைய எனாமல் மேல் ஸ்பிரே டின்னின் காரமான கரைப்பான் பட்டால் ஊறி, உப்பி, சுருங்கித்தான் தீரும். இது எனக்குத் தெரியாத விஷயமா? எனாமல் மேல் லாக்கர் அடிக்காதே என்று எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறேன்! வேலை பார்க்கிற இடத்தில் இருந்த மூளை மொட்டை மாடிக்கு வரவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. செட்டியார் ஒரு விதிவிலக்கு என்று நினைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்தேன். மண் பொம்மையின் பழைய வண்ணம் எனாமல் இல்லை. வெள்ளைப் பூச்சு மேல் பொடிக் கலரைப் பசையில் குழைத்துப் பூசியது. அது சுருங்கவில்லை, உறிஞ்சியது. முதல் கை உள்ளே போய்விட்டது. இரண்டாவது கை, மூன்றாவது கை. மூன்றாவது கையில் கிருஷ்ணனின் புல்லாங்குழலும் விரலும் ஒன்றாகிவிட்டன. பழைய அச்சு, ஏற்கெனவே தேய்ந்த அச்சில் எடுத்த பொம்மை. விரலுக்கு விரல் நடுவே இருந்தது ஒரு கோடுதான். அது நிரம்பிவிட்டது.

முகத்தைத் தொடவில்லை. முகத்தை மட்டும் பேப்பரும் டேப்பும் ஒட்டி மறைத்திருந்தேன். அந்த அளவு கெட்டிக்காரன்! ஆனால் டேப்பை உரித்தபோது வாமனருக்கு ஒரு பக்கத்துப் புருவம் டேப்போடு வந்துவிட்டது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பதினோரு பொம்மை அடித்து முடித்து, காய வைத்து, மூன்று நாள் கழித்துப் படியில் ஏற்றினேன். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா வந்தாள். அப்போது அவளுக்கு 74 வயது. நேராகப் போய் மச்சாவதாரத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கூர்மத்தையும் கவிழ்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏண்டா, அடியிலயும் அடிச்சயா?" என்று கேட்டாள்.

அம்மா ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில் பென்சிலால் வாங்கின வருஷத்தை எழுதுவாள். சிலவற்றில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கும். 'புது வீடு' என்று ஒன்றில். 'அப்பா ஜுரம்' என்று ஒன்றில். எனக்கு அது தெரியும், சின்ன வயதில் எழுத்துக்கூட்டிப் படித்ததே அதில்தான். தெரிந்தும், மண் தரையில் ஈரம் ஏறக் கூடாது என்று வேலைக்காரப் புத்தியோடு ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியிலும் இரண்டு கை நன்றாக அடித்து அடைத்திருந்தேன். இருப்பதிலேயே நேர்த்தியாக வந்திருந்தது அடிப்பாகம்தான்.

அக்கா சண்டை போடவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அதான் நான் சொன்னேன், ஸ்பிரேயே கூடாது, எல்லாம் கையால் எழுதணும்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, சென்னையில் கொசப்பேட்டை, எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வைத்து அடிப்பூச்சு அடிப்பது சகஜம். உடம்பு நிறம், புடவையின் மொத்த நிறம் எல்லாம் கன்னில் போகும். கரை, நகை, திலகம், கண் எல்லாம் தூரிகை. கண் கடைசியில்தான். வடக்கு மாட வீதியில் கடையை நிறுத்திவிட்டு, இருநூறு ரூபாய் பொம்மையை நூற்றிருபதுக்குக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்து நேர்த்தி இல்லையே" என்று நாமே சொல்கிறோம். ஈரக்காற்றில் மண் காயாமல், ஆர்டர் முடியாமல் தவிக்கிற குடும்பத்துக்கு அந்தக் கன் மிச்சப்படுத்தித் தருகிற நேரம்தான் கண் எழுதுவதற்குக் கிடைக்கிற நேரம். என்னுடைய வருத்தம் வேறு. அவர்களில் நிறைய பேர் மூக்கை ஒரு கைக்குட்டையால் கூடக் கட்டாமல் அந்தப் புகையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு மாஸ்க் கொடுத்தார்கள், வியர்க்கிறது என்று கழற்றி வைத்தோம். இப்போது மாடிப்படி ஏறும்போது தெரிகிறது.

ஸ்பிரேயின் அருமையை எனக்குப் புரிய வைத்தது பேரன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறு ஆனால் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறான். சாமி பொம்மை இல்லை, வார்ஹாமர் என்று ஒரு விளையாட்டுக்கான சிப்பாய் பொம்மைகள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற ஊரில் உள்ள கம்பெனி செய்கிறது. ஒரு பொம்மை கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதில் பெல்ட், பக்கிள், கண்ணுக்குள் கருவிழி எல்லாம் வைத்தாக வேண்டும். விலையைக் கேட்டு என் மனைவி அரைமணி நேரம் பேசவே இல்லை.

அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்கிறான். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்குத் தடவும் பிசுக்கு ஒட்டியிருக்குமாம். டின்னை இரண்டு நிமிஷம் குலுக்குகிறான், உள்ளே குண்டு கடகடவென்று உருளுகிறது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரம். பொம்மைக்கு வெளியே காற்றில் ஆரம்பித்து, பொம்மையைக் கடந்து, மறுபக்கம் காற்றிலேயே விரலை எடுக்கிறான். ஏனென்றால் டின் ஆரம்பிக்கும்போதும் நிற்கும்போதும்தான் துப்பும். ஒரு கை அடித்ததும் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கால் மணி கழித்து இன்னொரு கை, அவ்வளவுதான். "தாத்தா, மூடணும்னு அடிக்கக் கூடாது, பிடிச்சுக்கணும்னு அடிக்கணும்" என்றான். 38 வருஷம் நான் சொன்னதை எனக்கே சொல்கிறான்.

இன்னொன்றும் செய்தான். முதலில் முழுக்கக் கறுப்பு. அப்புறம் வெள்ளையை நேர் மேலிருந்து மட்டும், சூரியன் உச்சியில் இருப்பது மாதிரி. தலை, தோள், முழங்கால் மேல் வெள்ளை விழுகிறது. கழுத்துக்குக் கீழே, மடிப்புக்குள்ளே கறுப்பு அப்படியே நிற்கிறது. மேலே தண்ணியாகக் கலர் கொடுத்தால் நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடுகிறது. ரயில் பெட்டியில் இதற்கு வேலை இல்லை, அதனால் நான் கேள்விப்பட்டதே இல்லை. இதை ஒரு புது மண் விநாயகருக்குச் செய்து பார்த்தோம். தும்பிக்கைக்கு அடியில் விழுந்த நிழல் அவ்வளவு அழகு. ஆனால் கலர் கொஞ்சம் இருண்டுதான் போகும். மஞ்சளும் சிவப்பும் பளீரென்று இருக்க வேண்டும் என்றால் அடி முழு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நம்மூர் பொம்மைக்காரர்கள் வெள்ளைப் பூச்சில் ஆரம்பிப்பது அதனால்தான்.

ஆக, ஸ்பிரேயில் குற்றமில்லை. பேரன் அடிப்பது அவனே வாங்கிய, யார் கையும் படாத புதுப் பொம்மை. நான் அடித்தது ஏற்கெனவே ஒருவர் கண் எழுதி முடித்த பொம்மை. அடிப்பூச்சு என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று அர்த்தம். கண்ணை மறுபடி எழுத உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா? இருந்தால் அடியுங்கள். இல்லையென்றால் டின்னைக் கீழே வையுங்கள்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக வாங்கின வெறும் மண் பொம்மையோ, பேரப்பிள்ளைகள் செய்த காகிதக்கூழ் பொம்மையோ என்றால் தாராளமாக ஸ்பிரே. மண்ணோ கூழோ உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும். வெளியே தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அடைத்துவிட்டால் அந்த ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பூச்சைப் பொரிப் பொரியாகக் கிளப்பிவிடும். மழை பிடித்த நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்து வெள்ளை படர்ந்துவிடும். புரட்டாசியில் வானம் தெளிந்த மதியமாகப் பார்த்து அடிக்க வேண்டும். ரொம்ப தூரத்திலிருந்து அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து ரவை மாதிரி உட்காரும், கிட்டத்தில் அடித்தால் வழியும். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் மண்டபம் செய்கிறவர்கள் அதன் மேல் நேராக அடிக்காதீர்கள், மண்டபம் கரைந்து குழி விழும். எங்கள் காலனியில் ஒரு வருஷம் திருப்பதி மலையே கரைந்தது.

பழைய பொம்மைக்கு மெல்லிய உலர்ந்த பிரஷ், அவ்வளவுதான். ஈரத்துணி கூடாது, பொடிக் கலர் துணியோடு வந்துவிடும். எங்காவது மண் தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் போஸ்டர் கலர் தொட்டு வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அம்மா காலத்துச் சிவப்பிலும் மஞ்சளிலும் என்ன இருந்தது என்று யார் கண்டது? தேய்த்த தூளைக் குழந்தை மூச்சில் இழுக்க வேண்டாம்.

மரப்பாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் ஒரு வீட்டில் செம்மர மரப்பாச்சி ஜோடிக்குத் தலை முதல் கால் வரை தங்க ஸ்பிரே அடித்து வைத்திருந்தார்கள். நான் காபி குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

என்னுடைய பதினோரு பொம்மைகள் இப்போதும் கொலுவில் வருகின்றன. மூக்கையும் புருவத்தையும் என் மனைவி தன் கோலம் போடுகிற கையால் திருத்திக் கொடுத்தாள். வாமனருக்கு ஒரு புருவம் கொஞ்சம் மேலே இருக்கும், ஏதோ சந்தேகம் கேட்பது மாதிரி. செட்டியாரை அப்படியே விட்டுவிட்டோம். வயதானால் தொப்பையில் சுருக்கம் விழுவது இயற்கைதான் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன வருஷம் அக்கா வந்திருந்தபோது ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, இது எந்த வருஷம், சொல்லு என்று கேட்டேன். மச்சமும் கூர்மமும் 57. வராகமும் நரசிம்மரும் 58, அதில்தான் அப்பா ஜுரம் என்று இருந்தது. வாமனர், பரசுராமர் 60. கிருஷ்ணன் அவள் பத்தாவது எழுதின வருஷம். சொல்லச் சொல்ல நான் அடியில் பென்சிலால் எழுதினேன். ஸ்பிரே பெயிண்டின் வழுவழுப்பில் பென்சில் பிடிக்கவில்லை, மார்க்கர்தான் பிடித்தது. எட்டுப் பொம்மைக்குச் சொல்லிவிட்டாள். மீதி மூன்றை ரொம்ப நேரம் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

மிச்சம் இருந்த தங்க டின் இன்னும் அலமாரியில் இருக்கிறது. குலுக்கினால் குண்டு உருளுகிற சத்தம் கேட்கிறது.